கையில்லாக் கைப்பந்து

சென்ற ஆண்டு நடைபெற்ற பழைய மாணாக்கர் கூட்டத்தில், தேநீர் வழங்கப்பெறும் வேளையில், இவ்விதழின் தமிழ்ப் பகுதியைக் கவனித்து வரும் மாணவர் ஒருவர் எம்மை அணுகி, "தாங்கள் நம் கலாசாலையின் கைப்பந்து அணியில் ஆடியவர் என்று கேள்விப்பட்டோம். அவ்விளையாட்டைப் பற்றி ஏதேனும் எழுதித் தரல் வேண்டும்" என்று கேட்டார். தருவதாக வாக்களித்தோம். வீடு திரும்பி எழுதுகோலை எடுத்த பின்னரே இடர் தோன்றிற்று. மைதானத்தில் யாம் ஆடிய ஆட்டங்களுள் ஒன்றைத் தவிர ஏனையவை மனத்தில் தெளிவாக நிற்கவில்லை. அவ்வொன்றையோ எழுத விருப்பமில்லை. அதற்கு மாறாக, விடுதியின் மேல்மாடியில் ஒரு கணினியின் முன் பத்துப் பன்னிருவர் நெருக்கியடித்துக்கொண்டு ஆடிய ஆட்டமே மீண்டும் மீண்டும் முன்னே வந்து நின்றது. அதுவும் கைப்பந்தே, ஆயினும் கையில்லாக் கைப்பந்து. கொடுத்த வாக்கினின்றும் முற்றும் வழுவாதவாறு அதனையே எழுதத் தொடங்கினோம். எழுதி வருங்கால், எழுத விரும்பாத அவ்வொன்றும் உடன் வந்து சேர்ந்துவிட்டது.

அவ்வாட்டத்தின் பெயர் பிளாபி வாலி. ஜெர்மனியில் இருவர் ஆக்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. திரையில் ஒரு கடற்கரை காணப்படும். நடுவே வலை, பக்கவாட்டில் நின்று பார்ப்பதால் அது வலையாகத் தோன்றாது, நட்டு வைத்த ஒரு கம்பமாகவே தோன்றும். கம்பத்தின் இருபுறமும் ஒவ்வோர் உருவம் நிற்கும். அதனை எதனோடு ஒப்பிடுவது? பாதி வெந்த கொழுக்கட்டை ஒன்றிற்குக் கண் வைத்தாற்போல என்று சொல்லலாம். கையும் இல்லை, காலும் இல்லை. நகர்வதும் துள்ளுவதும் பந்தை உடம்பால் முட்டுவதுமே அதன் தொழில். இடப்புறத்தாருக்கு ஏ, டபிள்யூ, டி என்னும் மூன்று எழுத்து விசைகள். வலப்புறத்தாருக்கு அம்புக்குறியிட்ட மூன்று விசைகள். இடம் போக ஒன்று, வலம் போக ஒன்று, துள்ள ஒன்று. துள்ளும் விசையைச் சிறிது அழுத்தியபடியே வைத்திருப்பின் துள்ளல் உயரும். இவ்வளவே கற்க வேண்டுவது. ஐந்து நிமிடத்தில் எவரும் கற்றுக்கொள்வர்; ஐந்து மாதம் ஆடினும் நன்றாக ஆடுதல் அரிது.

விதிகளும் சிலவே. ஒருவர் தம் பக்கத்தில் பந்தை மூன்று முறைக்கு மேல் தொடலாகாது. பந்து மணலைத் தொட்டால் தவறு. பக்கச் சுவர்களில் பட்டுப் பந்து மீளும். மேலே கூரை இல்லாமையால் திரைக்கு அப்பாலும் அது போய்விடும், அப்பொழுது அது எங்கே இருக்கிறது என்பதைத் திரையின் மேல்விளிம்பில் ஒரு சிறு குறி மட்டும் காட்டும். சர்வீஸ் போடுபவர் கையால் பந்தை எறிய வேண்டுவதில்லை (எறியக் கையேது?). அவர் தொடும் வரையில் பந்து அந்தரத்திலேயே அசையாது நிற்கும். எவ்வளவு நேரமாயினும் நிற்கும். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

எம் விடுதிக்கு இவ்வாட்டம் வந்தது 2006-ஆம் ஆண்டின் இறுதியில். வேதியியல் பயின்ற ஒருவர் வீட்டிலிருந்து தம் கணினியைப் பெரிய கண்ணாடித் திரையோடு தூக்கி வந்திருந்தார். எவரோ ஒருவர் ஒரு பென்டிரைவில் இச்சிறு கோப்பைக் கொணர்ந்தார். ஒரு கிழமைக்குள் அவ்வறை ஒரு சந்தையாயிற்று. இரவு பத்தரை மணிக்கு விளக்கணைக்க வேண்டுமென்பது விடுதியின் கட்டளை. விளக்கணைத்த பின்னரும் திரையின் ஒளியில் ஆடினோம் என்பதை இன்று ஒப்புக்கொள்வதால் தீங்கு நேராதென்று நம்புகின்றோம்.

விடுதியில் இவ்வாட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் கூறாதார் ஒருவரும் இலர். ஆடுவோரினும் ஆடுவோர் பின்னே நின்று கூறுவோரே மிகுதி. எம் அணித்தலைவர் முதல்நாளே தீர்ப்புக் கூறிவிட்டார். "இது கைப்பந்து அன்று. ஆறு பேர் எங்கே? சுழற்சி எங்கே? சுவரில் பட்ட பந்தை எடுத்து ஆடுவது எந்த ஊர் வழக்கம்? முக்கியமாக, லிப்டர் எங்கே?" என்றார். தாமே எடுத்து, தாமே தூக்கி, தாமே அடிப்பதை ஆட்டமென்று அவர் ஒப்பவில்லை. அணியில் லிப்டராக இருந்தவர் யாமே. ஆதலின் அவர் கூறியது எமக்குப் பெருமையாகவே இருந்தது. மைதானத்தில் எம்மை எவரும் பெரிதும் கவனித்ததில்லை. அடிப்பவர் அடித்தால் கைதட்டுவார்கள்; லிப்ட் கொடுத்தவனை எவரும் பார்ப்பதில்லை; லிப்ட் கெட்டால் மட்டும் எல்லோரும் பார்ப்பர். இங்கேயோ, லிப்டர் இன்மையால் ஆட்டமே ஆட்டமில்லை என்று ஒருவர் வாய்விட்டுக் கூறினார். அன்றிரவு அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததாக நினைவு.

தாவரவியல் முதலாண்டில் பயின்ற ஒரு சிறுவர் வேறோர் அபிப்பிராயம் உடையவர். சிறுவர் என்பது அவர்தம் உருவத்தைக் கருதிக் கூறியது. தென்பாண்டிச் சிற்றூர்களில் மாலை வேளையில் தேரியிலோ கோயில் திடலிலோ வலை கட்டுவது வழக்கம். அவரும் அத்தகைய ஊரிலிருந்து வந்தவரே. ஆயினும் ஒருநாளும் அவரை உள்ளே அழைத்ததில்லையாம்; கோட்டுக்கு வெளியே ஓடும் பந்தை எடுத்து வீசுவதே அவருடைய பணியாம். "அண்ணே, இங்கே இரண்டு பேருக்கும் ஒரே உயரம். அது போதும்" என்றார். அவ்வளவே அவர் கூறியது. பிறகு எம் அணியினர் அறுவரையும் ஒருவர் பின் ஒருவராகத் தோற்கடித்தார். எம்மைத் தோற்கடித்தபோது எண்ணிக்கை 15-க்கு 3. அம்மூன்றும் அவர் தும்மியபோது கிடைத்தவை.

இன்னும் சிலர் விசைப்பலகையைக் குறை கூறினர். இதில் உண்மையும் உண்டு. அக்காலத்து எளிய விசைப்பலகைகளில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகளை அழுத்தினால் அவற்றுள் ஒன்று கணினிக்கு எட்டாது போகும். ஒருவர் இரு விசைகளை அழுத்திப் பிடித்திருக்கையில் மற்றவர் துள்ள முயன்றால், அவருடைய கொழுக்கட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். வேண்டுமென்றே விசையை அழுத்திப் பிடித்தார் என்ற குற்றச்சாட்டு எழும், மறுப்பு எழும், சத்தியம் செய்வதும் நிகழும். முடிவில் எட்டுப் புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாறிக்கொள்வது என்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இதனால் குறை நீங்கவில்லை. குறை இருவருக்கும் பங்கிடப்பட்டது.

கணினியையே எதிரியாகக் கொண்டு ஆடுவதைப் பற்றியும் வாதம் நடந்தது. அது பந்து விழும் இடத்தைக் கணக்கிட்டு அங்கே போய் நிற்கிறது. அது ஆடுவதன்று, கணக்குப் போடுவது என்று சிலர் இகழ்ந்தனர். நல்ல ஆட்டக்காரரும் அதைத்தானே செய்கிறார் என்று இயற்பியல் பயின்ற எம் நண்பர் ஒருவர் மறுத்தார். இவரே பிறிதொரு நாள், ஒரு சிறு காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரையும் திகைக்க வைக்கும் ஒரு செய்தியைக் கூறினார். "நீங்கள் எவரும் ஓங்கி அடிப்பதில்லை. எப்படி முட்டினாலும் பந்து ஒரே வேகத்தில்தான் போகிறது" என்றார். எவரும் நம்பவில்லை. தாம் பாய்ந்து சென்று முட்டியதால் பந்து இடிபோல் இறங்கியது என்று கூறுவோர் அவ்வறையில் எண்மராவது இருந்தனர். பிற்காலத்தில் வேறு சிலர் இவ்வாட்டத்தை மீண்டும் புதிதாக எழுதி, பிளாபி வாலி 2 என்று பெயரிட்டு, அதன் உள்ளெழுத்தை யாவரும் படிக்குமாறு திறந்து வைத்தனர். அதனைப் படித்துப் பார்த்தோம். அவர் கூறியதே அதில் காணப்பட்டது. கொழுக்கட்டை எவ்வளவு விரைந்து வரினும் சரி, அசையாது நிற்பினும் சரி, அதன் மேல் பட்ட பந்து குறித்த ஒரே வேகத்துடன் புறப்படுகிறது. மாறுவது திசை ஒன்றே. அத்திசையும், பந்து அவ்வுருவத்தின் எந்த இடத்தில் பட்டது என்பதைப் பொறுத்தது. நேர் உச்சியில் பட்டால் நேரே மேலெழும். முன்புறம் பட்டால் வலையைத் தாண்டிப் பாயும்.

வேகம் இல்லை, வலிமை இல்லை. எங்கே நிற்பது, எந்த இடத்தில் தொடுவது என்பவையே உள்ளன. லிப்டருடைய வேலை இதுவன்றி வேறென்ன? எம் அணித்தலைவர் லிப்டர் இல்லை என்று குறைப்பட்டதும் யாம் மகிழ்ந்ததும் பிழை. இவ்வாட்டத்தில் இல்லாதவர் அடிப்பவரே. இருபுறமும் நிற்பவர் இருவரும் லிப்டர்கள். இதனை யாம் அப்பொழுது அறிந்திலோம். எமக்கு முன் அறிந்தவர் எம் அறைத்தோழர்.

இனி அவரைப் பற்றிக் கூறியாக வேண்டும். அவர் எம் அணியில் இடது கோடியில் நின்று அடிப்பவர். அவர் துள்ளி எழுந்தால் வலைக்கு மேலே மார்பு தெரியும் என்று சொல்லுவார்கள். அவ்வளவு இல்லையெனினும் பெரிதும் குறைவில்லை. யாம் கொடுத்த லிப்டை அவர் அடிப்பார்; கைதட்டல் அவருக்குப் போகும். அறைக்குத் திரும்பியதும் "இன்று நல்ல லிப்ட் ஏலே" என்று கூறத் தவறியதில்லை. ஏலே என்பது எம் பக்கத்தில் அன்புடையாரை அழைக்கும் சொல். மரியாதை கருதும் வாசகர் பொறுத்துக்கொள்க. அக்கூற்றே எமக்குப் போதுமானதாக இருந்திருத்தல் வேண்டும். இருக்கவில்லை.

2007-ஆம் ஆண்டு தை மாதத்தில் கலாசாலைகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். இரு அணியும் சமமாக நின்றன. நண்பர் எம்மிடம், "கொஞ்சம் உயரமாக, வலையைவிட்டு விலக்கிக் கொடு" என்று இருமுறை கூறினார். அடுத்த பந்து எம் விரல்களுக்கு மிக அழகாக வந்து சேர்ந்தது. எதிரணியின் தடுப்பாளர் இருவரும் உயர்ந்த லிப்டையே எதிர்பார்த்து நின்றனர். யாம் தாழ்வாகவும் விரைவாகவும், வலையோடு ஒட்டினாற்போல ஒன்றைத் தள்ளினோம். கை தவறியதன்று. தடுப்பாளரை ஏமாற்றிய லிப்டைப் பார்த்து ஒருமுறையேனும் கூட்டம் எமக்காகக் கைதட்டும் என்று எண்ணியே தள்ளினோம். நண்பர் அதனை அடிக்கவும் செய்தார், புள்ளியும் கிடைத்தது. ஆனால் பந்து வலைக்கு மிக அண்மையில் இருந்தமையால் அவர் முன்னோக்கிச் சரிந்து, வலைக்குக் கீழே நீண்டிருந்த தடுப்பாளர் பாதத்தின் மேல் ஒற்றைக் காலை ஊன்றி, முழங்கால் திருகி வீழ்ந்தார். முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் கிழிந்துவிட்டது, லிகமென்ட் என்பர். சூழ்ந்து நின்றவர்களிடம், "கை வேர்த்திருந்தது, பந்து வழுக்கிவிட்டது" என்றோம். நண்பரிடமும் அதனையே கூறினோம். அவர் தலையசைத்தார்.

அதன் பிறகு அவர் மைதானத்தில் இறங்கவில்லை. மாடிப்படி ஏறவும் முதலில் இயலவில்லை. பின்னர் மெல்ல மெல்ல ஏறி, மாலையில் நாங்கள் பயிற்சிக்குப் போகும் வேளையில் அக்கணினி அறைக்குப் போய் அமரலானார். வியர்த்துத் திரும்பும் நாங்கள் அவரை அங்கே, நீட்டிய காலை மற்றொரு நாற்காலியில் வைத்தபடி காண்போம்.

முதலில் அவர் மிக மோசமாகவே ஆடினார். மைதானத்தில் ஆடியவாறே, பந்து வந்தவுடன் முதல் தொடுகையிலேயே எதிர்ப்பக்கம் அனுப்ப முயல்வார். பந்து வலையில் பட்டுத் தம் பக்கமே விழும். தாவரவியல் சிறுவர் பின்னே நின்று, "அண்ணே, அவசரம் வேண்டாம், மூன்று தடவை உண்டு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மாதம் கழித்து அவர் ஆட்டத்தை யாம் தற்செயலாகக் கதவருகே நின்று கவனித்தோம். முதல் தொடுகையில் பந்தின் ஓட்டத்தை அடக்கினார். இரண்டாவது தொடுகையில், உருவத்தின் நேர் உச்சியில் வாங்கி, வலையிலிருந்து ஒரு முழம் விலக்கி, மிக உயரமாகத் தூக்கினார். பந்து திரைக்கு மேலே மறைந்தது. அது இறங்கி வரும் வரையில் பொறுத்திருந்து, துள்ளி, முன்புறத்தில் வாங்கித் தள்ளினார். அந்த இரண்டாவது தொடுகை, அவர் எம்மிடம் இருமுறை கேட்ட அதே லிப்ட். மாலைதோறும் அதனையே தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டிருந்தார். யாம் உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டோம்.

அந்நாட்களில் எம் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருமுறை நண்பரைக் காண விடுதிக்கு வந்தார். மாடியேறி அவ்வறைக்குள் நுழைந்தவர், சினங்கொள்வார் என்று எதிர்பார்த்து நாங்கள் எழுந்து நிற்க, திரையையே உற்று நோக்கினார். "இருவரும் மாறி மாறி ஜெயிக்கிறார்கள், எண் ஏறவில்லையே?" என்றார். சர்வீஸ் போடுபவர் வென்றால் மட்டுமே புள்ளி, மற்றவர் வென்றால் சர்வீஸ் மட்டும் கை மாறும் என்று விளக்கினோம். அவர் முகம் மலர்ந்தது. "அதுதானடா எங்கள் கைப்பந்து!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். உலகக் கைப்பந்துச் சங்கம் 1998-இல் விதியை மாற்றி, யார் சர்வீஸ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி என்று வைத்ததை அவர் மன்னிக்கவே இல்லை. பழைய முறையில் வலிய அணிகள் இரண்டு மோதினால் எண் பதின்மூன்றிலேயே அரைமணி நேரம் நிற்கும், அவ்வரைமணியில்தான் ஆட்டக்காரன் யார் என்று தெரியும் என்பது அவர் கொள்கை. தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்பார். உலகம் துரத்திவிட்ட விதி ஒன்று இக்கொழுக்கட்டைகளிடம் வந்து அடைக்கலம் புகுந்திருப்பதைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

அன்று அவர் நெடுநேரம் பேசினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கலாசாலையில் பயின்றவர் அவர். 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கியது அது. கைப்பந்தையும் ஒய்.எம்.சி.ஏ.யாரே கண்டனர் என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் குடும்பப் பெருமை தொனிக்கும். 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், வில்லியம் மார்கன் என்னும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர், கூடைப்பந்து தாங்காத நடுவயது வியாபாரிகளுக்காக அதனை அமைத்தார். மின்டொனெட் என்று பெயரிட்டார். மறு ஆண்டே வாலிபால் என்று பெயர் மாறிற்று. அம்முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்தார் பந்தை எத்தனை முறையும் தொடலாம். எத்தனை பேரும் நிற்கலாம். ஒருவர் உயரத் தூக்க மற்றொருவர் எழும்பி அடிக்கும் முறை 1916-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் தோன்றிற்று. மூன்று தொடுகைதான் என்ற வரம்பு 1920-இல் ஏற்பட்டது. "லிப்டர் என்று ஒருவன் பிறந்தது அந்தப் பிலிப்பைன்ஸில்" என்று எம்மைச் சுட்டிக் கூறினார். நண்பரும் எம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியர் பின்னர் சிறுவரோடு இரண்டு ஆட்டம் ஆடித் தோற்று, விசைப்பலகை பழுது என்று கூறிக் கீழே இறங்கிப் போனார்.

நண்பருடைய அபிப்பிராயத்தையும் ஒருநாள் எவரோ கேட்டனர். உண்மையான கைப்பந்து ஆடியவர் என்ற முறையில் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது கேள்வி. அவர் சிறிது சிந்தித்து, "நல்ல ஆட்டந்தான். பழி சொல்ல ஆள் கிடையாது" என்றார். எல்லோரும் சிரித்தனர். அச்சொல் எம்மை நோக்கிக் கூறப்பட்டதா அன்றா என்று பதின்மூன்று ஆண்டுகள் யாம் எண்ணிப் பார்த்தோம். அடுத்த ஆண்டு அணியிலிருந்தும் விலகிக்கொண்டோம். பாடச் சுமையைக் காரணம் காட்டினோம்.

பிற்காலத்தில் இவ்வினத்து ஆட்டங்கள் வேறு சிலவற்றையும் பார்த்தோம். 1997-இல் ஜப்பானில் எழுதப்பெற்ற பிக்காச்சு வாலிபால் ஒன்று. கொரியா நாட்டு இளைஞரிடையே பெரிதும் பரவியது. அதிலும் பக்கத்துக்கு ஒருவரே. ஆனால் ஓங்கி அடிக்கத் தனி விசை உண்டு. தொடுகைக்கு வரம்பே இல்லை. மார்கனுடைய பழைய விதி அங்கே போய்ப் பிழைத்திருக்கிறது போலும். அதில் ஓங்கி அடிக்கும் விசை வந்தவுடன் தூக்கிக் கொடுக்கும் கலை மறைந்துவிடுகிறது; ஆடுவோர் எல்லோரும் அடித்துக்கொண்டே இருக்கின்றனர். எமக்கு அது சலித்தது. சேகா நிறுவனத்தாரின் பீச் ஸ்பைக்கர்ஸ் என்பது மற்றொன்று. 2001-இல் காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்து, மறு ஆண்டு வீட்டுக் கருவிக்கும் வந்தது. இதில் பக்கத்துக்கு இருவர். தனியே ஆடுவோருக்குத் துணையாகக் கணினி ஒருத்தியைத் தருகிறது. முதலில் அவள் பெரிய அசடு; எடுக்கவும் தெரியாது, தூக்கவும் தெரியாது. ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் கிடைக்கும் புள்ளிகளைப் பங்கிட்டு அவள் திறமையை வளர்த்தாக வேண்டும். இத்துணையோடு ஆடுவது பொறுமையைச் சோதிக்கிறது என்பது பலர் குறை. எமக்கு அதுவே அவ்வாட்டத்தின் சிறப்பாகப் பட்டது. ஆயினும் அடிக்கடி ஆடவில்லை. துணையாள் தூக்கிய பந்து வலையை ஒட்டி வரும்போதெல்லாம் கை தயங்கிற்று.

2020-இல் நோய்த்தொற்றால் எல்லோரும் வீட்டினுள் அடைபட்டிருந்த நாட்களில், மஸ்கட் நகரில் கணினித் தொழில் செய்யும் நண்பர், பிளாபி வாலி 2-ஐ இணையத்தின் வழியே இருவர் தத்தம் வீட்டிலிருந்தே ஆடலாம் என்று கண்டு எமக்கு எழுதினார். யாம் நாகர்கோவிலில் இருந்தோம். இரவில் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆடலானோம். இணையத்தின் தாமதத்தால் பந்து சிற்சில வேளை ஓரிடத்தில் மறைந்து ஓரிடத்தில் தோன்றும். அதனையும் கணக்கிட்டு ஆடப் பழகினோம். இப்புதிய ஆட்டத்தில் விதிகளையும் மாற்றி அமைக்கலாம். லூவா என்னும் மொழியில் எழுதிய சிறு கோப்பு ஒன்றே விதிகளாக நின்று ஆட்டத்தை நடத்துகிறது. நண்பர் ஒருநாள், "ஏலே, புது விதி ஒன்று எழுதியிருக்கிறேன், ஆடிப் பார்" என்று ஒரு கோப்பை அனுப்பினார். மூன்று தொடுகைக்குக் குறைவாகப் பந்து வலையைக் கடந்தால் தவறு என்பதே அவ்விதி. சுருக்கமாகக் கூறின், எவரும் முதல் தொடுகையிலோ இரண்டாவதிலோ தப்பித்துக்கொள்ள இயலாது. எடுத்தாக வேண்டும், தூக்கியாக வேண்டும், பிறகுதான் அனுப்ப வேண்டும்.

அவ்விதியில் ஆட்டம் மிக மெல்ல நடக்கும். பேசுவதற்கு நேரம் உண்டு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எண்ணிக்கை 9-க்கு 9. சர்வீஸ் அவருடையது. பந்து அவர் பக்கத்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யாம் எவ்வித முன்னுரையும் இன்றி, "அன்றைக்கு என் கை வழுக்கவில்லை" என்றோம். அவர் ஒன்றும் கூறவில்லை. எல்லாவற்றையும் கூறினோம், கைதட்டலுக்கு ஆசைப்பட்டதையும் கூறினோம். கூறி முடித்த பின்னும் பந்து அசையவில்லை. இணையம் அறுந்துவிட்டதோ என்றுகூட ஐயுற்றோம்.

"அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார் நண்பர். "பந்து வருமுன் நீ கையைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்."

"பின் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"கேட்டால் நீ லிப்ட் கொடுப்பதையே விட்டுவிடுவாய் என்று நினைத்தேன்." சிறிது பொறுத்து, "நீ எப்படியும் விட்டுவிட்டாய்" என்றார். உடனே பந்தைத் தொட்டுவிட்டார். அது எம் பக்கத்து மணலில் விழும்போது எம் கொழுக்கட்டை நின்ற இடத்திலேயே நின்றது. 10-க்கு 9. அன்று 15-க்கு 11 என்று தோற்றோம். அவர் மூச்சு வாங்கும் ஒலி தொலைபேசியில் கேட்டது. விசைகளை அழுத்துவதற்கு அவ்வளவு மூச்சு வேண்டியதில்லை.

இன்றும் மாதம் ஒருமுறையேனும் ஆடுகின்றோம். தாவரவியல் சிறுவர், இப்பொழுது ஒரு பள்ளியில் ஆசிரியர், சிலவேளை வந்து சேருவார். வந்தால் இருவரையும் தோற்கடித்துவிட்டே போவார். மூன்று தொடுகை விதியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தாம் ஒரே தொடுகையில் முடிக்கக்கூடியதை மூன்றாக்கி நேரத்தைப் போக்குகிறோம் என்கிறார். விடுதியில் இப்பொழுது பயிலும் மாணவர் எவரேனும் அவ்விதிக் கோப்பை வேண்டினால், இதழாசிரியர் வாயிலாக எமக்கு எழுதுக, அனுப்பி வைப்போம். விசைப்பலகையை மட்டும் சிறிது நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்க.